ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா

“எம்பொண்ணு ஏழு வருஷமா பரதம் ஆடுது மாஸ்டர். சாயங்காலத்துல ஸ்கேட்டிங்கும் போவுது. டி.வி.ல ஐஸ் டான்ஸுன்னு காட்டறாங்களே, அதுல சேத்து விடலாமா?”

குளிர்கால ஒலிம்பிக் வரும் ஆண்டுகளில் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஸ்கேட்டிங் சொல்லித் தருகிற யாருக்கும் இந்தக் கேள்வி வந்து சேரும். கேட்பவர் மனதில் இருப்பது மினுக்கும் உடையும் இசையும் சுழற்சியும். பதில் சொல்ல வேண்டியதோ சுமார் நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு இரும்புப் பட்டையைப் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பனியில் ஜோடியாக ஆடும் போட்டிகள் இரண்டு. ஒன்றில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார், தூர வீசுவார், அது பேர்ஸ். ஐஸ் டான்ஸில் வீச்சு கிடையாது. தூக்குகிறவரின் கை அவர் தலைக்கு மேலே போனால் குற்றம். மூன்று சுற்று, நாலு சுற்றுத் தாவல் எதுவும் இல்லை. ஒரு சின்னத் தூக்கு 7 நொடிக்குள் முடிய வேண்டும். இரண்டைக் கோர்த்துச் செய்தால் 12 நொடி. தாண்டினால் ஒரு புள்ளி போய்விடும். போட்டியில் இரண்டு ஆட்டம்: ரிதம் டான்ஸ் 2 நிமிடம் 50 நொடி, ஃப்ரீ டான்ஸ் 4 நிமிடம், இரண்டுக்கும் 10 நொடி கூடக் குறைய இருக்கலாம். உலகச் சாம்பியன் போட்டியில் 1952 முதலும் ஒலிம்பிக்கில் 1976 முதலும் ஐஸ் டான்ஸ் இருக்கிறது.

தாவலையும் வீச்சையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கால். இன்னும் சரியாகச் சொன்னால், பிளேடின் விளிம்பு.

பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் வாய்க்கால் போல ஒரு குழிவு ஓடும். அதன் இரண்டு கரைகள்தான் இரண்டு விளிம்புகள்: கட்டைவிரல் பக்கம் உள்விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் வெளிவிளிம்பு. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரை மட்டும் பனியைப் பிடிக்கும், பாதை வளையும். சாயாமல் நின்றால் இரண்டு கரையும் பதிந்து நேராகப் போகும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடி முடித்ததும் திரும்பி வந்து குனிந்து பனியைப் பாருங்கள். ஒரே கோடு என்றால் விளிம்பில் போயிருக்கிறீர்கள். ரயில் தண்டவாளம் போல இரண்டு கோடு என்றால் தட்டையாகப் போயிருக்கிறீர்கள். போட்டியில் மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பதும் இதைத்தான். ஆடும்போது தெரியாத இரண்டாம் கோடு, மெதுவாக ஓட்டினால் தெரிந்துவிடும்.

விளிம்பு பிடிபட்ட பிறகுதான் திருப்பங்கள், அதாவது முன்னோக்கிப் போகிறவர் பின்னோக்கியும் பின்னோக்கிப் போகிறவர் முன்னோக்கியும் மாறுவது. த்ரீ டர்ன், பிராக்கெட், ராக்கர், கவுண்டர் நான்கும் ஒரே காலில் செய்வது. மொஹாக், சாக்டா இரண்டும் காலை மாற்றிச் செய்வது. மொஹாக்கில் கால் மாறும், விளிம்பு மாறாது. உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கே, அல்லது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கே போவோம். சாக்டாவில் காலும் மாறும், விளிம்பும் மாறும். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொள்வது மேல். விளிம்பு மாறக் கூடாத ராக்கரிலும் கவுண்டரிலும் பெரும்பாலோர் திரும்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே பயந்து விளிம்பை மாற்றிவிடுவார்கள். கோட்டில் ஒரு சின்ன ‘ட’ போல மடிப்பு விழும், அதற்கு மதிப்பு இல்லை. சாக்டாவில் இடுப்பு திறக்காததால் இரண்டாம் கால் தட்டையாக விழுந்து பிறகு விளிம்பைத் தேடும். ட்விசில் என்பது ஒற்றைக் காலில் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே நகர்ந்து போவது. அதில் தப்பு நடப்பது பெரும்பாலும் குதிகாலில்: எடை பின்னால் சரிந்ததும் நகர்தல் நின்று, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். பக்கத்தில் ஜோடி நகர்ந்து போய்க்கொண்டிருப்பார், இவர் மட்டும் தங்கிவிடுவார். அந்த இடைவெளி கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும்.

மதிப்பெண் முறையை ரொம்ப நீட்ட வேண்டாம். ஒவ்வொரு அங்கத்துக்கும் அடிப்படையில் தொடங்கி நான்காம் நிலை வரை தொழில்நுட்பக் குழு நிலை தரும். அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை போடுவார்கள். ஒன்பது நடுவர் இருந்தால் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழிக்கப்படும். இதற்கு மேல் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என்று மூன்று பொது மதிப்பெண். ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளி குறையும், இருவரும் விழுந்தால் இரண்டு. உடையிலிருந்து ஏதாவது பனியில் விழுந்தாலும் ஒரு புள்ளி.

இந்த ஒரு புள்ளி, அரைப் புள்ளி எல்லாம் எவ்வளவு பெரியது என்று தெரிய 2018 பியோங்சாங்கைப் பார்த்தால் போதும். முதல் நாள் கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ, ஸ்காட் மொயர் 83.67. பிரான்சின் கேப்ரியெல்லா பாப்படாக்கிஸ், கியோம் சிசெரோன் 81.93. ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே பாப்படாக்கிஸின் உடையில் கழுத்துக் கொக்கி விட்டுவிட்டது. மீதி ஆட்டம் முழுக்க உடையைக் காத்துக்கொண்டே ஆடினார். மறுநாள் பிரெஞ்சு ஜோடி 123.35 எடுத்து அன்றைய ஆட்டத்தில் முதலிடம், கனடா 122.40. கூட்டிப் பார்த்தால் 206.07, 205.28. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 0.79. அதனால்தான் உடையைப் போட்டி நாளில் முதன்முதலாகப் போடக் கூடாது என்று பயிற்சியாளர்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்வார்கள். முழு ஆட்டத்தையும் குறைந்தது மூன்று நாலு தடவை அந்த உடையிலேயே ஓட்ட வேண்டும். கொக்கியை மட்டும் நம்பாமல் மேலே இரண்டு தையலும் போட வேண்டும். அந்த ஜோடி 2022 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது தனிக் கதை.

சரி, பரதம்.

பரதம் கற்ற பிள்ளைக்குக் கிடைப்பது என்ன, விட வேண்டியது என்ன என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. கிடைப்பதில் முதலாவது லயம். அடிகளும் பாதையும் முன்பே வகுத்து வைத்த நடனத்துக்கு பேட்டர்ன் நடனம் என்று பெயர். ஆரம்ப நிலையில் பல நாடுகளில் கற்றுத் தரும் பேட்டர்ன் நடனங்களில் ஒன்று டச்சு வால்ட்ஸ். மூன்று எண்ணிக்கைத் தாளம், நிமிடத்துக்கு 138 அடி. நமக்குத் திஸ்ர நடை, தகிட தகிட. அதில் ஸ்விங் ரோல் என்று ஒரு அடி வரும்: ஆறு எண்ணிக்கைக்கு ஒரே காலில் நின்று வளைய வேண்டும். கணக்குப் போட்டால் 2.6 நொடி. இரண்டு ‘தகிட’ முழுசாக முடியும்வரை விளிம்பு நழுவாமல் இருக்க வேண்டும். தாளம் தெரியாத பிள்ளை ஐந்தாவது எண்ணிக்கையிலேயே அவசரப்பட்டு அடுத்த காலை வைத்துவிடும். தட்டுக்கழி ஓசையில் வளர்ந்த பிள்ளை காத்திருக்கும். காத்திருக்கத் தெரிந்தால் பாதி பேட்டர்ன் வந்த மாதிரி. கனாஸ்டா டேங்கோ நிமிடத்துக்கு 104, ரிதம் ப்ளூஸ் 88. இரண்டும் நாலு எண்ணிக்கை, தகதிமி போட்டு வீட்டுக் கூடத்திலேயே நடந்து பழகலாம்.

இரண்டாவது, நேரான முதுகு. அரைமண்டியில் முதுகு சரியாமல் உட்காரும் பழக்கம் ஐஸ் டான்ஸுக்கு அப்படியே தேவை. மூன்றாவது, திறந்த இடுப்பு. மொஹாக்குக்கும் சாக்டாவுக்கும் அதுதான் சாவி.

விட வேண்டியதும் அதே அரைமண்டியில்தான் இருக்கிறது. அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் போகும். சறுக்கும்போது முழங்கால் முன்னால் வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் பூட்ஸ் கயிற்றையும் கால்விரலையும் முழங்கால் மறைக்க வேண்டும். பரதப் பிள்ளைகள் ‘மடக்கு’ என்றதும் காலை அகட்டிவிடும். எடை உள்விளிம்பில் கொட்டும், வெளிவிளிம்பு வரவே வராது. இன்னொன்று தட்டடவு. ஏழு வருடம் தரையைத் தட்டிய பாதம் பனியையும் தட்டும். பனியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் வேகம் செத்தது என்று பொருள். பாதத்தைத் தட்டாமல், தண்ணீரில் கை விடுவதுபோல வைக்கப் பழக்க நான் பார்த்தவரை ஆறு மாதமாவது ஆகும்.

அபிநயம் உதவுமா? வெளிப்பாடு மதிப்பெண்ணுக்கு உதவும், காலுக்கு உதவாது. 2010 வான்கூவர் ஒலிம்பிக் ஆண்டில் நாட்டுப்புற நடனம் என்பது கருப்பொருள். அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இந்தித் திரையிசைக்கு ஆடினார்கள். நம்மவர்கள் அந்த வீடியோவை இன்னமும் பகிர்கிறோம். கழுத்தையும் கையையும் பார்த்து ரசித்தவர்கள் ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். கை முத்திரை பிடிக்கும் அதே நேரத்தில் கால் ஆழமான விளிம்பில் போய்க்கொண்டிருக்கும். அந்த ஆண்டு அவர்களுக்கு வெள்ளி; 2014 சோச்சியில் தங்கம்.

அடுத்தது சக்கரம். நம் பக்கம் ஸ்கேட்டிங் என்றால் வேகப் போட்டிதான். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல் சீனாவில் உலகச் சாம்பியன் ஆனபிறகு பெற்றோர் எல்லாரும் பெரிய சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட்தான் வாங்குகிறார்கள். தவறில்லை, ஆனால் அது வேறு உடம்பு. வேகப் போட்டியில் முதுகு தரைக்கு இணையாக மடங்கும், காலைப் பக்கவாட்டில் நீளமாகத் தள்ளுவார்கள். நடனத்துக்குப் பழக வேண்டியது நாலு சக்கர ஆர்டிஸ்டிக் ஸ்கேட், இரண்டு முன்னால், இரண்டு பின்னால். உடம்பு சாயும்போது அடியிலுள்ள ரப்பர் அழுங்கிச் சக்கர அச்சு திரும்பும், வளைவு கிடைக்கும். ரோலர் ஸ்கேட்டிங்கில் ஜோடி நடனம், தனி நடனம் என்று முறையான போட்டிகளே உண்டு. 1998 ஒலிம்பிக் தங்கம் வென்ற டாரா லிப்பின்ஸ்கி சக்கரத்தில் தொடங்கிப் பனிக்குப் போனவர்தான்.

வேண்டியது வழவழப்பான சிமென்ட் தளமும் ஒரு சாக்பீஸும். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓட நன்றாயிருக்கும், இதற்குச் சரிப்படாது; தார்ச்சாலையின் சொரசொரப்பும் மணலும் விளிம்பைக் காட்டாது. கூடைப்பந்துத் தளம் போன்ற இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் இரண்டு பக்கமும் மாறி மாறி அரைவட்டம் வரையுங்கள். வட்டத்தின் விட்டம் பிள்ளையின் உயரத்தைப்போல மூன்று மடங்கு, 130 செ.மீ. உயரப் பிள்ளைக்கு நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு அரைவட்டமும் ஒரு கால், ஒரு விளிம்பு. நடுக்கோட்டைத் தொடும்போது மட்டும் கால் மாற்ற வேண்டும். முதலில் வெளிவிளிம்பு முன்னோக்கி, பிறகு உள்விளிம்பு, பிறகு இரண்டும் பின்னோக்கி. ஒவ்வொன்றும் இரண்டு காலுக்கும் பத்துப் பத்துத் தடவை, வாரத்தில் நாலு நாள். இடது வெளிவிளிம்பு எப்போதும் முரண்டு பிடிக்கும். அதற்கு இன்னும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

சக்கரம் சொல்லித் தராதவை சில உண்டு. பனியில் ஒரு தள்ளு தள்ளினால் சக்கரத்தைவிட நீளமாக வழுக்கும், அதனால் காத்திருக்கும் நேரம் மாறும். சக்கரத்தில் முன்பாதத்தால் தள்ளித் தப்பித்துக்கொள்ளலாம். பனியில் முன்பாதத்தால் தள்ளினால் பிளேடின் முன்பல் கீறும். எடை நிற்கும் இடமும் நுணுக்கமானது. முன்னோக்கிப் போகும்போது பாதத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், பின்னோக்கிப் போகும்போது முன்பாதத்தில்.

பனிக்கு எங்கே போவது? புதுச்சேரியிலும் கடலூரிலும் கிடையாது. சிம்லாவில் 1920லிருந்து இயற்கைப் பனித்தளம் இருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் உறையும். பகலில் வெயில் பட்டு இளகுவதால் காலையும் மாலையும்தான் ஓடலாம். குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் செயற்கைத் தளம். டேராடூனின் ஹிமாத்ரி பனித்தளம் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான வேகச் சறுக்குப் போட்டி நடக்கும் அளவுக்கு மீண்டது. முழு அளவுத் தளம் என்றால் 60 மீட்டருக்கு 30 மீட்டர். பேட்டர்ன் நடனம் அந்தத் தளத்தைச் சுற்றி வரையப்பட்டது, சின்னத் தளத்தில் வளைவுகள் எல்லாம் சுருங்கிப் பொய்யாகிவிடும். இன்னொரு விஷயம்: பொதுமக்கள் நேரத்தில் டிக்கெட் வாங்கிப் போனால் எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவார்கள், நடனம் பழக முடியாது. காலை நேரத்தில் தனியாகப் பனி எடுக்க முடியுமா என்று ஊரிலிருந்தே பேசிவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

பனியிலும் வகை உண்டு. ஹாக்கிக்கு -5, -6 டிகிரியில் கெட்டியாக வைப்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு -3, -4 டிகிரி. கொஞ்சம் இளகியிருந்தால்தான் விளிம்பு ஆழமாகப் பிடிக்கும். கெட்டிப் பனியில் அதே பிளேடு வழுக்கும். பிள்ளை மேல் பழி போடுவதற்கு முன்னால் தளத்துக்காரரிடம் வெப்பநிலையைக் கேளுங்கள்.

இப்போது பிளேடும் பூட்ஸும். அதிகப் பணம் வீணாவது இங்கேதான். நடன பிளேடு சாதாரண ஃபிகர் பிளேடைவிடக் குதிகால் பக்கம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குட்டை. இருவர் நெருங்கி ஆடும்போது ஒருவர் பிளேடின் வாலை இன்னொருவர் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக. முன்பல்லும் சிறியது. நடன பூட்ஸில் பின்பக்கக் கழுத்து தாழ்வாக இருக்கும், பாதத்தை நீட்டி முனை காட்டுவதற்கு. தாவலுக்கான கெட்டி பூட்ஸை வாங்கிக் கொடுத்தால் பிள்ளையால் கணுக்காலை மடக்கவே முடியாது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் மடங்காது, முழங்கால் மடங்காவிட்டால் விளிம்பு இல்லை. உயர்தர பூட்ஸும் பிளேடும் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும்; வளரும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள பழையது போதும். ‘அடுத்த வருஷமும் போடட்டும்’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுதான் பெரிய தப்பு. ஸ்கூல் ஷூ கணக்கு இங்கே செல்லாது. குதிகால் உள்ளே தூக்கினால் எல்லாம் போச்சு.

சாணை பிடிப்பதைக் கத்தி சாணைக்காரரிடம் கொடுக்கவே கூடாது. குழிவின் ஆரத்தை வைத்துத்தான் பிளேடின் குணமே: 1/2 அங்குலம் நடுத்தரம். அதைவிடச் சிறிய ஆரம் என்றால் குழி ஆழம், பிடிப்பு அதிகம், வழுக்கு குறைவு. பெரிய ஆரம் என்றால் வழுக்கு அதிகம். நடனக்காரர்களில் பலர் வழுக்கைத்தான் விரும்புவார்கள். ஆனால் எடை குறைந்த பிள்ளைக்கு 5/8 கொடுத்தால் பிடிப்பு கிடைக்காமல் பயந்துபோகும். பனியில் 20 முதல் 40 மணி நேரத்துக்கு ஒரு முறை சாணை. சரியாகப் பிடித்தாரா என்று பார்க்க, பிளேடைத் தலைகீழாகப் பிடித்து விளிம்புகள் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்காக வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரம். அந்தப் பிளேடில் ஒரு விளிம்பு தானாக வரும், இன்னொன்று எவ்வளவு முயன்றாலும் வராது. பிள்ளைக்கு வரவில்லை என்று மாதக்கணக்கில் திட்டு விழும். குற்றம் சாணையில் இருக்கும்.

நம் ஊருக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை: துரு. பிளேடின் பக்கங்களில் குரோம் பூச்சு இருக்கும், சாணை பிடித்த அடிப்பகுதி வெறும் எஃகு. பனியிலிருந்து இறங்கியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பூட்ஸும் பிளேடும் சேரும் திருகு இடங்களையும் விடக் கூடாது. தரையில் நடப்பதற்கு பிளேடில் மாட்டும் பிளாஸ்டிக் காப்புறை, வைப்பதற்குத் துணி உறை. பிளாஸ்டிக் காப்புறையைப் போட்டபடி பையில் வைத்துவிட்டு மறந்தால், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்காற்றில் இரண்டே நாளில் விளிம்பில் செம்புள்ளி வந்துவிடும். அந்தப் புள்ளியைத் தேய்த்து எடுக்க ஒரு சாணை வீண். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் தையல் மிஷின் எண்ணெயை மெல்லத் தடவி, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். திரும்பப் பனிக்குப் போகும்போது எண்ணெய்ச் சுவடு இல்லாமல் துடைத்துவிட வேண்டும். பூட்ஸுக்குள் பூஞ்சை வராமலிருக்க உள்தகட்டை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விரைத்துப் பிளக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம். ஜோடி கிடைப்பது அப்படியில்லை.

வர்ச்சூவும் மொயரும் 1997ல் சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது. முதல் ஒலிம்பிக் தங்கம் 2010ல். டேவிஸும் வைட்டும் சேர்ந்ததும் 1997ல்தான். பதின்மூன்று, பதினேழு ஆண்டுகள் ஒரே ஆளோடு. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது: மாஸ்கோவின் மரீனா அனிசினா ஜோடி இல்லாமல் நின்றபோது வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் தந்தவர் பிரான்சின் க்வென்டால் பைசெரா. இருவரும் 2002ல் பிரான்சுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள்.

உலகெங்கும் பெண் பிள்ளைகள் அதிகம், பையன்கள் குறைவு. பையன் வைத்திருக்கும் வீட்டுக்கு இது நல்ல சேதி. பயிற்சியாளர்களே தேடி வருவார்கள். பெண் பிள்ளை என்றால் வரிசையில் நிற்க வேண்டும், காலில் விளிம்பு அதற்குள் தயாராக இருக்க வேண்டும். கனடாவின் சறுக்குச் சங்கம் 2022ல் ஜோடி என்றால் ‘இரண்டு ஆட்டக்காரர்’ என்று விதியை மாற்றியது. அந்த நாட்டுப் போட்டிகளில் இரண்டு பெண்கள் சேர்ந்தும் ஆடலாம். சர்வதேசப் போட்டிகளை மனதில் வைத்திருப்பவர்கள் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பாஸ்போர்ட் விஷயத்தைப் புதுச்சேரிக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சர்வதேசச் சறுக்குச் சங்கத்தின் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே அந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது. நம் ஊரில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) குடும்பங்களில் ஒரே வீட்டிலேயே அண்ணனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், அத்தை மகளுக்கு இந்திய பாஸ்போர்ட் என்று இருக்கும். அந்த இருவரும் உலகச் சாம்பியன் போட்டி வரை போகலாம், ஒலிம்பிக் வாசலில் நின்றுவிடும். பதினெட்டு வயதில் கண்டுபிடித்து அழுவதைவிடப் பத்து வயதில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கூடப் பிறந்தவர்களாக இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. இந்த ஆட்டத்தில் அண்ணன்-தங்கை, அக்கா-தம்பி ஜோடிகள் நிறைய. 2018ல் வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் மாயா, அலெக்ஸ் ஷிபுதானி உடன்பிறந்தவர்கள். கனடாவில் வளர்ந்து பிரான்சுக்கு ஆடி 1992ல் வெள்ளி வாங்கிய இசபெல், பால் டுஷெனேயும் அப்படியே. காதல் கதை ஆட முடியாதே என்பார்கள். ஆட வேண்டாம், கதை இல்லாமல் இசையை மட்டுமே ஆடியும் பதக்கம் வாங்கலாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பனியில் கை கோக்க வேண்டியிருப்பதுதான் உண்மையான சிரமம்.

அன்னியர் ஒருவரோடு ஜோடி பார்க்கும்போது ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். மூன்று நாள் வேண்டும். முதல் நாள் கை கோத்து வெறும் ஓட்டம்: முழங்கால் ஒரே ஆழத்தில் மடங்குகிறதா, தள்ளும் நேரம் ஒத்துப்போகிறதா. இடுப்பு இடித்துக்கொண்டால் யாரோ ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். இரண்டாம் நாள் தெரிந்த பேட்டர்ன் ஒன்று. மூன்றாம் நாள் ஒருவருக்கு வராத ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு முகத்தைப் பாருங்கள்; தப்பானதும் அடுத்தவரை முறைக்கிற பிள்ளையோடு பத்து வருடம் ஓடாது. பனி வாடகை, பயிற்சியாளர், நடன அமைப்பு, உடை எல்லாவற்றுக்கும் யார் எவ்வளவு என்று இரண்டு குடும்பமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பந்தம் பேசுவதுபோல இருக்கிறதே என்றால், ஆமாம், அப்படித்தான்.

வயதுக் கணக்கும் இருக்கிறது. ஜூனியருக்குக் குறைந்தது 13, சீனியருக்கு 2024-25 முதல் 17. பிறந்தநாளை ஜூலை 1ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். என் கணக்கில் 6 முதல் 9 வரை புதுச்சேரியும் சக்கரமும் பரதமும் போதும். 9 முதல் 12 வரை விடுமுறைதோறும் பனி. 12, 13 வயதில் குடும்பம் இடம் மாறப் போகிறதா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். போட்டி ஜோடிகள் வாரம் ஐந்து நாள், தினம் மூன்று நாலு மணி நேரம் பனியில் இருப்பார்கள். விமானம் பிடித்துப் போய் வந்து அதை ஈடுகட்ட முடியாது. பெரிய மையம் மாண்ட்ரியலில் இருக்கிறது, பிரான்சில் லியோன் பழைய பேர் பெற்றது. பாரிஸ் பக்கத்தில் சார்செல்லிலோ லா கூர்நேவிலோ சித்தப்பா வீடு இருக்கிறது என்று ஜூலையில் பிள்ளையை அனுப்புகிறவர்கள், கோடையில் அங்கே பல நகராட்சித் தளங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பருவம் செப்டம்பரில்தான் தொடங்கும்.

இடுப்பிலும் முதுகிலும் காயம் வரும். ஆழ மடக்கி ஒரே காலில் நிற்பதால் கெண்டைக்காலும் படும். வர்ச்சூவுக்கு அங்கே தசை உறைக்குள் அழுத்தம் கூடும் நோய் வந்து 2008லும் 2010லும் அறுவை சிகிச்சை. தூக்குகளை முதலில் பாயில் வெறுங்காலோடு, பிறகு தரையில் ஷூவோடு, பிறகு நின்ற இடத்தில் பனியில், கடைசியாக ஓட்டத்தில் பழக வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் பிளேடு யார் முகத்திலாவது படும். தூக்கப்படுகிறவர் வயிற்றை இறுக்காமல் தொங்கினால் அரிசி மூட்டை. தூக்குகிறவர் குனிந்து பனியைப் பார்த்தால் இடுப்பு பின்னால் போய் பிளேடு தட்டையாகிவிடும். ஏழு நொடியை வாய்விட்டு எண்ணுங்கள், ஐந்தில் இறக்கத் தொடங்கினால்தான் ஏழில் கால் தரைக்கு வரும்.

முப்பது வயதுக்குப் பிறகு என்ன என்று கேட்பார்கள். பயிற்சி, நடன அமைப்பு, தொழில்நுட்ப நடுவர் தேர்வு, பனிக் காட்சிக் குழுக்கள். சில பெரிய உல்லாசக் கப்பல்களுக்குள் சின்னப் பனித்தளம் உண்டு, அங்கே வேலை கிடைக்கும். சம்பளம் சுமார்தான்.

முதல் முறை பனிக்குப் போகிற பிள்ளைக்குப் பத்து மணி நேரம் கிடைத்தால் அதில் பேட்டர்ன் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு மணி நேரம் விழவும் எழவும் நிற்கவும். அடுத்த மூன்று, சாக்பீஸ் அரைவட்டத்தைப் பனியில், வெளிவிளிம்பு மட்டும். அடுத்த மூன்று உள்விளிம்பும் பின்னோக்கும். கடைசி இரண்டில் ஒரு த்ரீ டர்ன் காட்டலாம், வராது, பரவாயில்லை. தளத்தைத் தண்ணீர் விட்டு மெழுகும் இயந்திரம் போன உடனே முதல் ஆளாக ஏறச் சொல்லுங்கள். அப்போது பனி கண்ணாடி மாதிரி இருக்கும், கோடு தெளிவாக விழும். முதல் நாள் கோடுகளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், கடைசி நாள் கோடுகளையும். ஊருக்கு வந்ததும் உடை போட்டு எடுத்த படத்தை ஆயாவுக்குக் காட்டலாம். மாஸ்டருக்கு இந்த இரண்டையும் அனுப்புங்கள்.